காபூலில் போட்ட ஒரு பட்டியல்

தில்லி வாழ் தமிழர்களுக்கு ஆப்கானிஸ்தான் வெறும் தொலைக்காட்சிச் செய்தி இல்லை. லாஜ்பத் நகருக்குத் துணி எடுக்கப் போனாலே கண்ணில் படுகிற நாடு. பாரசீக எழுத்தில் பெயர்ப்பலகை போட்ட மருந்துக் கடைகள், நான் ரொட்டிக் கடைகள், நோயாளியும் கூட வந்தவர்களும் வாரக்கணக்கில் தங்கும் விடுதிகள். 2021க்கு முன்னால் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் புற்றுநோய்க்கும் வைத்தியம் தேடி காபூலிலிருந்து விமானம் ஏறி வந்தவர்களை நம்பியே அந்தத் தெருக்களில் பாதிக் கடைகள் ஓடின.

இதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தமிழ்ச் சங்கத்திலும் கேட்டிருக்கிறேன், அலுவலக காண்டீனிலும் கேட்டிருக்கிறேன். "இருபது வருஷம் பணத்தைக் கொட்டினாங்களே சார், உள்ளூர்ல ஒரு நல்ல ஆஸ்பத்திரி கட்ட முடியலையா? எல்லாம் வேஸ்ட்தானே?"

நான் மருந்துக் கொள்முதல் தொடர்பான வேலையில் இருப்பவன். அதனால் இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எல்லாம் வேஸ்ட் இல்லை என்பது சுருக்கமான பதில். விரிவான பதில் கீழே. கொஞ்சம் நீளம்தான், காபியோடு உட்காருங்கள்.

2002ல் கையில் இருந்தது

2001 நவம்பரில் தாலிபான்கள் காபூலை விட்டு ஓடினார்கள். டிசம்பரில் ஹமீத் கர்சாய் தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. சுகாதார அமைச்சராக வந்தவர் டாக்டர் சுஹைலா சித்திக்கி. அறுவை சிகிச்சை நிபுணர், ராணுவத்தில் ஜெனரல் பதவி வகித்தவர். முதல் தாலிபான் ஆட்சியிலேயே அவர் இல்லாமல் முடியாது என்பதால் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர். புர்கா போட மாட்டேன் என்று சொல்லிவிட்டே வேலை பார்த்தவர்.

அவர் கைக்கு வந்த அமைச்சகத்தில் நாற்காலி இருந்தது, நாடு முழுவதும் வேலை செய்யும் துறை இல்லை. இருபது வருடத்துக்கு மேல் நடந்த போரில் இயங்கிக்கொண்டிருந்த மருத்துவ நிலையங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் தொண்டு நிறுவனங்கள் நடத்தியவை, அல்லது அவற்றின் உதவியில் நடந்தவை. அமைச்சகத்தைக் கேட்காமல் பெஷாவரில் இருந்துகொண்டே எல்லை தாண்டி மருந்து அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். வேறு வழியும் இருக்கவில்லை.

2002ல் யுனிசெஃபும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து நான்கு மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. பிரசவத்தோடு தொடர்புடைய தாய் மரணம் ஒரு லட்சம் பிறப்புக்கு சுமார் 1,600 என்று அதிலிருந்து மதிப்பிட்டார்கள். பதக்ஷான் மாகாணத்தில் ராக் என்ற மலை மாவட்டத்தில் மட்டும் அது 6,500. அதாவது பதினைந்து, பதினாறு பிரசவத்துக்கு ஒரு தாய். அதுவரை உலகில் எங்குமே இப்படி ஒரு எண் பதிவானதில்லை என்றார்கள். ஊரில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக நாள் கணக்கில் கழுதை மேல் போக வேண்டும் என்றால் வேறு எப்படி இருக்கும்?

பங்காளிகள்

இந்தத் துறையில் 'பார்ட்னர்' என்ற சொல்லைப் பங்காளி என்று தமிழ்ப்படுத்துகிறார்கள். நம் ஊரில் பங்காளி என்றாலே வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும். யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல் பொருத்தமாகவே இருக்கிறது.

2002ல் காபூலுக்கு வந்து இறங்கியவர்களைப் பாருங்கள். உலக வங்கி, அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட், ஐரோப்பிய ஆணையம், ஆசிய வளர்ச்சி வங்கி, உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப். கூடவே ஏற்கெனவே அங்கே இருந்த ஸ்வீடிஷ் கமிட்டி, புதிதாக வந்த பங்களாதேஷின் பிராக், இன்னும் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிப் படிவம், தனி மருந்துப் பட்டியல், தனிச் சம்பள விகிதம், ஊர்களிலும் தனிப் பிரியம். காபூலைச் சுற்றியும் பெரிய சாலைகளின் ஓரத்திலும் கிளினிக் நெருக்கமாக இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது.

என் வேலையில் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஊருக்கு மூன்று பேர் கொசுவலை அனுப்புவார்கள். பக்கத்து ஊர்க்காரன் வெறும் உடம்போடு படுத்திருப்பான். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரின் அறிக்கையும் சரியாகத்தான் இருக்கும். யாரும் யாரிடமும் "உன் பங்கு எது?" என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பொதுவாக இதற்குச் செய்யும் வைத்தியம் கூட்டம் போடுவது. காபூலிலும் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூட்டத்தோடு நிற்காமல் அங்கே மூன்று காரியங்கள் நடந்தன. ஒரு பட்டியல், ஒரு வரைபடம், ஒரு ராங்க் கார்டு.

பட்டியல்

2003 மார்ச்சில் அமைச்சகம் ஒரு ஆவணத்தை வெளியிட்டது. 'அடிப்படை சுகாதாரச் சேவைத் தொகுப்பு' என்று சொல்லலாம். எந்த ஊரில் யார் கிளினிக் நடத்தினாலும், யார் பணம் கொடுத்தாலும், என்னென்ன கிடைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. தாய் சேய் நலம், தடுப்பூசி, சத்துணவு, காசநோய், மலேரியா, மனநலம், மாற்றுத்திறனாளி நலம், அத்தியாவசிய மருந்துகள்.

கூடவே நான்கு படிகளும் வகுத்தார்கள். கிராமத்தில் 1,000 முதல் 1,500 பேருக்கு ஒரு சுகாதாரக் குடில், அதில் ஊரே தேர்ந்தெடுத்த ஒரு ஆண், ஒரு பெண் தொண்டர். அதற்கு மேல் 15,000 முதல் 30,000 பேருக்கு ஒரு அடிப்படை நிலையம் (நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). அதற்கு மேல் விரிவான நிலையம். உச்சியில் சிசேரியன் செய்யக்கூடிய மாவட்ட ஆஸ்பத்திரி. இதற்கெல்லாம் ஆளுக்கு வருடத்துக்கு நாலரை டாலர் அளவில் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள்.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். டயாலிசிஸ் இல்லை. புற்றுநோய் இல்லை. இருதய அறுவை இல்லை. லாஜ்பத் நகரில் நாம் பார்த்தவர்கள் யார் என்று இப்போது புரிகிறதா? அவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள். குழந்தை வயிற்றுப்போக்கில் சாகாமல் இருப்பதற்கும், தாய் ரத்தப்போக்கில் சாகாமல் இருப்பதற்கும் முதலில் செலவழிப்போம் என்று முடிவு செய்தால், இந்த 'இல்லை'களும் அதோடு சேர்ந்தே வரும். நம் கண்ணில் பட்டது 'இல்லை' மட்டும். ராக் மாவட்டத்தில் பிழைத்த தாய் தில்லிக்கு வர வேண்டிய அவசியம் இல்லையே.

வரைபடம்

அடுத்த கேள்வி, யார் எங்கே? இங்கேதான் அமைச்சகத்துக்கும் வெளிநாட்டவருக்கும் கடும் விவாதம் நடந்தது. அரசே சம்பளம் கொடுத்து ஆள் போட்டு நடத்த இப்போதைக்குத் திராணி இல்லை, தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுங்கள் என்றார்கள் பணம் கொடுப்பவர்கள். சொந்த நாட்டு ஜனங்களுக்கு வைத்தியம் பார்ப்பதை டெண்டர் விடுவதா என்ற சங்கடம் அமைச்சகத்துக்கு. நியாயமான சங்கடம்தான்.

கடைசியில் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. மாகாணங்களைப் பங்கு பிரித்தார்கள். 2004ல் மாகாணங்கள் 34 ஆன பிறகு அமைந்த கணக்கில், அமெரிக்கப் பணம் 13 மாகாணங்களுக்கு, ஐரோப்பியப் பணம் 10க்கு, உலக வங்கிப் பணம் 11க்கு. ஒவ்வொரு மாகாணத்துக்கும் அல்லது மாவட்டக் கூட்டத்துக்கும் ஒரு தொண்டு நிறுவனம் பொறுப்பு. அந்த எல்லைக்குள் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை என்றால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். உலக வங்கியின் பங்கில் பர்வான், கபிசா, பஞ்ஜ்ஷீர் மூன்றை அமைச்சகமே நேரடியாக நடத்திக் காட்டியது.

அமைச்சகத்துக்குள் ஒப்பந்தங்களைக் கவனிக்கவே ஒரு பிரிவு உண்டாக்கினார்கள். விளம்பரம் கொடுப்பது, விலைப்புள்ளி பிரிப்பது, மதிப்பிடுவது, கையெழுத்துப் போடுவது, வேலை சரியில்லை என்றால் நோட்டீஸ் விடுவது எல்லாம் அங்கே. முதலில் உலக வங்கிப் பணம் மட்டும் இந்த வழியில் வந்தது. 2008ல் அமெரிக்கப் பணமும் அமைச்சகத்தின் வழியாக வர ஆரம்பித்தது. பிறகு மூன்று வாய்க்காலும் ஒரே பொது நிதியில் கலந்தன. 2018ல் தொடங்கிய 'சேஹத்மந்தி' திட்டம் (உடல்நலம் என்று பொருள்) வந்தபோது, ஒரே பை, ஒரே பட்டியல், கையெழுத்துப் போடுவது காபூல் என்ற நிலை வந்துவிட்டது.

கொள்முதல் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன், இது சாதாரண விஷயம் இல்லை. மூன்று பெரிய தாதாக்களின் தணிக்கை விதிகளை ஒன்றாக்குவதற்குப் பதினைந்து வருடம் ஆனது ஆச்சரியமில்லை, ஆனதே ஆச்சரியம்.

ராங்க் கார்டு

மூன்றாவது காரியத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வேலை செய்பவனே தன் வேலைக்கு மார்க் போட்டுக்கொள்ளக் கூடாது அல்லவா? 2004 முதல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் நம் ஜெய்ப்பூரில் இருக்கும் இந்திய சுகாதார மேலாண்மை ஆராய்ச்சி நிறுவனமும் மூன்றாம் தரப்பாக மதிப்பிட வந்தன.

ஆறு பாடம், 29 கேள்வி. மருந்து இருப்பில் இருக்கிறதா, டாக்டர் நோயாளியிடம் போதுமான நேரம் செலவழிக்கிறாரா, ஊழியருக்குச் சம்பளம் வருகிறதா, நோயாளி திருப்தியா, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கவனிப்பா, இப்படி. பதில்களுக்கு மாகாணவாரியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரே தாளில் முழு நாடும் தெரியும். பக்கத்து மாகாணம் பச்சையில் இருக்கும்போது தன்னுடையது சிவப்பில் இருந்தால் எந்த நிறுவனத்துக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். 2004க்கும் 2008க்கும் நடுவில் நாட்டின் மதிப்பெண்கள் நன்றாகவே ஏறின.

2003ல் பயிற்சி பெற்றவர் கையில் நடந்த பிரசவம் 14 சதவீதம். 2015ல் நடந்த பெரிய கணக்கெடுப்பில் பாதிக்குப் பாதி. 2020ல் தாய் மரணம் ஒரு லட்சம் பிறப்புக்கு 620 என்று பின்னாளில் ஐ.நா. மதிப்பிட்டது. இன்னமும் கொடுமையான எண்தான். ஆனால் 1,600 எங்கே, 620 எங்கே? ஐந்து வயதுக்குள் சாகும் குழந்தைகளின் விகிதமும் பாதிக்குக் கீழே இறங்கியது. (2000ஐ ஒட்டிய பழைய எண்கள் கொஞ்சம் மிகையானவை என்று பின்னால் திருத்தினார்கள். திருத்திய எண்களை வைத்துச் சொன்னாலும் பாதிதான்.)

இந்த ஏற்பாட்டின் ஓட்டைகள்

புகழ்ந்து மட்டும் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். ஓட்டைகளையும் பார்ப்போம்.

ஒன்று, போர்க்காயம். குண்டு வெடித்துக் கால் போனவனுக்கு அந்தப் பட்டியலில் போதுமான இடம் இல்லை. அந்தச் சுமையை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றவர்கள் சுமந்தார்கள். இத்தாலியின் எமர்ஜென்சி அமைப்பு, 2004ல் ஐந்து ஊழியர்கள் கொல்லப்பட்டதால் வெளியேறி 2009ல் திரும்பி வந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. குந்தூஸில் இவர்கள் நடத்திய ஆஸ்பத்திரியைத்தான் 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள்.

இரண்டு, ராணுவம் கட்டிய கிளினிக்குகள். ஜனங்களின் மனதைப் பிடிக்க வேண்டும் என்று வெளிநாட்டு ராணுவக் குழுக்கள் நினைத்த இடத்தில் கட்டடம் எழுப்பின. டாக்டர் யார், மருந்து யார் தருவார்கள் என்று பட்டியல்காரர்களைக் கேட்கவில்லை. கட்டடம் இருக்கும், ஆள் இருக்காது.

மூன்று, வரைபடமே தப்பாக இருந்தது. 2015ல் அமெரிக்காவின் ஆப்கன் தணிக்கை அலுவலகம், அமெரிக்கப் பணத்தில் நடந்த 641 மருத்துவ நிலையங்களின் இருப்பிடக் குறியீடுகளைச் சோதித்தது. ஏறக்குறைய 80 சதவீதம் தவறு. ஒரு குறியீடு மத்தியதரைக் கடலின் நடுவில் இருந்தது! கிளினிக்கே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பணம் கொடுத்தவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

துப்பாக்கிகளுக்கு நடுவில்

இன்னொரு பங்காளியைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. தாலிபான்கள். கிராமப்புறத்தில் பாதி அவர்கள் பிடியில் வந்த பிறகும் கிளினிக்குகள் பெரும்பாலும் நடந்தன. எப்படி? ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நின்று பேசினார்கள். தாலிபான் வீட்டுக் குழந்தைக்கும் காய்ச்சல் வருமே. காபூல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், தாலிபான் அனுமதித்த கிளினிக். எழுதப்படாத ஒருங்கிணைப்பு.

அது எவ்வளவு மெல்லிய கயிறு என்று 2019 ஜூலையில் தெரிந்தது. வார்தக் மாகாணத்தில் ஸ்வீடிஷ் கமிட்டி நடத்திய ஒரு கிளினிக்கில் ஆப்கன் அரசுப் படையே இரவில் புகுந்தது. நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் தாலிபான்கள் அதே கமிட்டியின் 77 நிலையங்களில் 42ஐ மூட வைத்தார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் அடி. பின்னர் பேசித் திறந்தார்கள் என்றாலும், அந்த நாட்களில் பிரசவ வலி வந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

2021 ஆகஸ்ட்

ஆகஸ்ட் 15ல் காபூல் விழுந்தது. அடுத்த சில நாட்களில் உலக வங்கி பணத்தை நிறுத்தியது. அப்போது சேஹத்மந்தி திட்டத்தில் 31 மாகாணங்களில் 2,300க்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. செப்டம்பர் 22ல் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் சொன்ன கணக்கு: முழுமையாக இயங்குபவை 17 சதவீதம் மட்டுமே.

ஐந்து வாரம்! கட்டடம் இடியவில்லை, டாக்டர் ஓடிவிடவில்லை, பட்டியல் காணாமல் போகவில்லை. பணம் வரும் குழாய் மட்டும் அடைபட்டது. குழாய் எல்லாம் ஒன்றாகி ஒரே பை ஆன பெருமையைச் சொன்னேன் இல்லையா, அதன் மறுபக்கம் இது. ஒரே பை என்றால் ஒரே முடிச்சு. ஒருங்கிணைப்பில் எல்லாவற்றையும் காபூலுக்குக் கைமாற்றினார்கள், பணப்பையின் சாவியைத் தவிர.

ஐ.நா. அவசர நிதியிலிருந்து செப்டம்பரில் 4.5 கோடி டாலர் விடுவித்தார்கள். உலக ஃபண்ட் பணத்தோடு யு.என்.டி.பி. கொஞ்ச நாள் சம்பளம் கொடுத்தது. டிசம்பரில் முடங்கிய பொது நிதியிலிருந்து 28 கோடி டாலரை உலக உணவுத் திட்டத்துக்கும் யுனிசெஃபுக்கும் மாற்றினார்கள். 2022ல் யுனிசெஃப், பல இடங்களில் அதே தொண்டு நிறுவனங்களுடன், அதே பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டது. பட்டியல் பிழைத்துவிட்டது. காபூலின் கையெழுத்து போய்விட்டது. சுஹைலா சித்திக்கி இதைப் பார்க்க இல்லை. 2020 டிசம்பரில் காலமாகிவிட்டார்.

2025ல் மறுபடி அதே கதை. அமெரிக்க உதவி வெட்டப்பட்டதும் மார்ச் முதல் வாரத்துக்குள் 167 நிலையங்கள் மூடப்பட்டன என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கைமாறியது எது?

பணம் கைமாறவில்லை. அப்படியானால் எது மாறியது? என் கணக்கில் மருத்துவச்சிகள்.

2002ல் நாடு முழுவதற்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 467 பேர் என்று ஒரு கணக்கு. மலைக் கிராமத்தில் ஆண் டாக்டரிடம் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். நகரத்துப் பெண் அங்கே போய்க் குடியிருக்க மாட்டாள். ஆக, பட்டியலில் 'பிரசவம்' என்று எழுதினால் மட்டும் போதாது. சமூக மருத்துவச்சிப் பள்ளிகள் என்று ஆரம்பித்தார்கள். அந்த ஊரிலேயே ஒரு பெண்ணை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், வீட்டார் சம்மதிக்க வேண்டும், பதினெட்டு மாதம் (பிறகு இரண்டு வருடம்) படித்துவிட்டு அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். கைக்குழந்தையோடு படிக்க வந்தவர்களும் உண்டு. ஒப்பந்த நிறுவனங்கள் பள்ளி நடத்தின, அமைச்சகம் பாடத்திட்டம் வகுத்தது, பணம் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். பங்காளிகள் வரப்புச் சண்டை இல்லாமல் சேர்ந்து செய்த காரியம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பத்தே வருடத்தில் அந்த 467 பல மடங்காகப் பெருகியது.

இவர்களை எந்த வங்கியும் முடக்க முடியாது. 2021 இலையுதிர்காலத்தில் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமலும் வேலைக்கு வந்தவர்களில் இந்தப் பெண்களும் உண்டு. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று தாலிபான்கள் உத்தரவிட்டபோதும் சுகாதாரத் துறைக்கு விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இவர்கள் இல்லாமல் அவர்கள் வீட்டுப் பிரசவமும் நடக்காது.

ஆனால் 2024 டிசம்பரில் மருத்துவச்சி, நர்ஸ் படிப்புகளையும் பெண்களுக்கு மூடிவிட்டார்கள். இருப்பவர்கள் வேலை பார்க்கலாம், புதிதாக யாரும் படிக்க முடியாது. 2005ல் இருபது வயதில் படித்து முடித்து ஊர் திரும்பிய பெண்ணுக்கு 2025ல் நாற்பது வயது. இன்னும் இருபது வருடம் அவர் அந்த மலைப் பாதையில் நடந்து பிரசவம் பார்க்கலாம். அதற்குப் பிறகு அந்த ஊருக்கு யார் என்ற கேள்விக்கு, பட்டியலிலும் வரைபடத்திலும் ராங்க் கார்டிலும் பதில் இல்லை.